குமரா என்றொரு பலகை

என் மனைவியின் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குப் பின்னால்தான் நான் சைக்கிள் ஓட்டினேன். முன்னுக்குப் போக ஆசைப்படாமல் இல்லை. முடியவில்லை. அவள் யாழ்ப்பாணத்துப் பெண். பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளிலேயே போய்வந்து வளர்ந்தவள். நான் கொழும்பில் பஸ்ஸில் தொங்கியவன். ஏற்றத்தில் அவள் இருக்கையை விட்டு எழும்பி நாலு மிதி மிதித்தால், அடுத்த வளைவில்தான் நான் அவளைக் காண்பேன்.

அப்போது நாங்கள் உலகத்தின் தென்கோடியில், ஒடாஹுஹு என்ற புறநகரில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனமெல்லாம் பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தது. எங்களிடமும் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டில் விட்டுவிட்டு, புருசனும் பெண்சாதியும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவதை முதல்முறை கண்டவர்கள், கார் பழுது என்று நினைத்து உதவிக்கு நின்றார்கள். இரண்டாம் முறை சிரித்தார்கள். மூன்றாம் முறை, வயது போன நேரத்தில் இதென்ன கூத்து என்று கேட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. வயது போன நேரமாம்!

தலைக்கவசம் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்து அதிக நாளாகவில்லை. அவளுடைய கொண்டைக்கு மேல் அது உட்காராது. கண்ணாடிக்கு முன்னால் நின்று அதோடு கொஞ்ச நேரம் சண்டை பிடித்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டாள். பின்னல் போட்டதும் பத்து வயது குறைந்துவிட்டது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் உடனே திறக்கும். மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கும்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இருப்பதா, போவதா? ரொறன்ரோவில் இருந்த அவளுடைய அண்ணன், கனடாவுக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை அனுப்பியிருந்தார். அவளுடைய அம்மாவும் அவரோடுதான் இருந்தார். அம்மாவை அவள் கண்டு ஏழு வருடம். படிவம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது. எல்லாவற்றையும் நான் நிரப்பிவிட்டேன். இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "தைப்பூசம் கழியட்டும், அதுக்குப் பிறகு அனுப்புவம்" என்று அவள் சொல்லியிருந்தாள். நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. கொழும்பிலிருந்து இந்தியா, இந்தியாவிலிருந்து இங்கே. ஒவ்வொரு தரமும் எதை எடுப்பது, எதை விடுவது என்று பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தவன் நான்தான். இன்னொரு தரம் அப்படிக் குந்த என்னால் முடியாது என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் ஒரு பெண்ணைத் தாயிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? இங்கேயும் இருக்கலாம்தானே என்று சாடைமாடையாகத்தான் சொல்வேன். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் எண்டு சும்மாவே சொல்லியிருக்கினம்?"

முருகனுக்கென்று ஒரு கோயில், எங்களுக்குத் தெரிந்து, அப்போது இங்கே இல்லை. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே ஒரு படத்தை வைத்துப் பூசை நடக்கும். முடிந்ததும் யாராவது ஒருவர் முருகனைத் துவாயால் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார். அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. "அவரும் எங்களை மாதிரித்தான், சாமானைக் கட்டிக்கொண்டு திரியிறார்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்தக் கேள்வியையும் பிரிட்ஜையும் பூட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டுப் புறப்படுவோம். முதலில் ஈஸ்ட் டாமாக்கியைத் தாண்டவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் நான் சரக்கு அடுக்கும் கிட்டங்கி அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் லொறி இல்லை, ஆள் இல்லை. இரும்புக் கதவுகளை இறக்கிவிட்டிருக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவில் எங்கள் இரண்டு சங்கிலிகளின் சத்தம் மட்டும் கேட்கும். கடைசிக் கிட்டங்கியின் சுவரோடு நகரம் முடிந்துவிடும். ஒரு பக்கம் கொங்கிறீற், மறுபக்கம் மாடு.

அதற்கப்பால் நிலம் மேடும் பள்ளமுமாகப் போகும். பெரிய மலைகள் ஒன்றும் இல்லை. பச்சைக் கம்பளி ஒன்றை யாரோ உதறிப் போட்டுவிட்டு, நீவிவிட மறந்துபோனது போல இருக்கும். ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேடு தெரியும். அதில் ஏறினால் தூரத்தில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்து, இறங்கியதும் காணாமல் போகும். தாழ்வுகளில் காலைப் பனிமூட்டம் தங்கி நிற்கும். அவள்தான் முதலில் அதற்குள் இறங்குவாள். சில்லுகள் மறையும், பிறகு கால்கள், பிறகு இடுப்பு. கடைசியில் வெள்ளைத் தலைக்கவசம் மட்டும் தனியாக மிதந்துகொண்டு போகும். நானும் இறங்கினால் கன்னத்தில் ஈரம் படும். புல்லின் மணமும் மாட்டின் மணமும் வரும். எங்கேயோ ஒரு ஆடு இருமும். மறுபக்கம் ஏறி வெளியே வரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். அவள் மேலே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நேரங்களில் இது எந்த நாடு என்றே எனக்கு ஞாபகம் வராது. எந்த விசா, எந்த வேலை, யாருக்கு என்ன பதில் எழுதவேண்டும், ஒன்றும் வராது. எதிரே வரும் பண்ணைக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போவார். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காத மரியாதை அது. எனக்கு அது போதுமாக இருந்தது. சந்தோசமாக இருந்தேன். இன்றைக்கு யோசித்தாலும் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

வழியில் சில குன்றுகளின் உடம்பில் படிகள் இருந்தன. உச்சியிலிருந்து அடிவரை, ஒன்றின் கீழ் ஒன்றாக, புல் மூடிய அகலப் படிகள். ஆடு நடந்து நடந்து உண்டான தடம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கிட்டங்கியில் என்னோடு போர்க்லிஃப்ட் ஓட்டிய, இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி மனிதர் ஒருவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆட்டுக்கு இவ்வளவு நேராக வெட்டத் தெரியுமா என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அவை ஊர்கள். ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முந்திய ஊர்கள். ஒவ்வொரு படியிலும் வீடுகள் இருந்தன. சுற்றிவர அகழியும் மரவேலியும் இருந்தன. குழிகளில் அடுத்த வருடத்துக்கான கிழங்கைச் சேமித்து வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அரசர்கள் இருந்த அதே காலத்தில் இந்தக் குன்றுகளில் அடுப்புப் புகைந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

என்ன கிழங்கு என்று கேட்டேன். அவர் தன் சாப்பாட்டின் ஈயத்தாளைப் பிரித்துக் காட்டினார். ஊதாத் தோலும் மஞ்சள் சதையுமாகச் சுட்ட வற்றாளங்கிழங்கு. இந்தியர்கள் சர்க்கரைவள்ளி என்பார்கள்.

"குமரா" என்றார் அவர்.

நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். இரண்டு தரமும் குமராதான். அது எங்கள் தெய்வத்தின் பெயர், அவர் குன்றுகளில் இருப்பவர் என்றேன். மனிதர் மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தார். "நல்ல தெய்வம், வயிறு நிறையும்" என்றார்.

அவருடைய தாய்வழி ஆட்களின் பழைய குன்று ஒன்று கிளீவ்டனுக்கு முந்திய சந்தியில் திரும்பினால் வரும் என்றும் சொன்னார். நடந்து மேலே போகப் பாதை இருக்கிறது. போகலாம், ஆனால் உச்சிக்குச் சாப்பாடு கொண்டுபோகாதே, அது முன்னோருடைய இடம் என்றார். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். சந்தியில் ஒரு கிழங்குப் பண்ணையின் பலகை நிற்கும், குமரா என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும், அதன்படி போ என்றார்.

அன்று வேலை முடியும்வரை அந்தப் பலகை என் மண்டைக்குள் நின்றது. குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று எங்கள் சனமே சொல்லும். அப்படியானால் குன்றும் இருக்கிறது, குமராவும் எழுதியிருக்கிறது, இனி என்ன வேண்டும்? நான் ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு அவளை அந்தச் சந்திவரை கொண்டுபோய்விட்டால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. அது கிழங்கின் பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு. விடியவே எழும்பி இரண்டு சைக்கிளுக்கும் காற்றடித்தேன். இன்றைக்குப் புதுப்பாதையால் போவோமா என்று தேநீரோடு ஒருதரமும், சப்பாத்துக் கட்டும்போது ஒருதரமும் கேட்டேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஓம் என்றாள்.

பலகை சொன்னபடியே நின்றது. வேலிக்கம்பத்தில் கம்பியால் கட்டிய ஒட்டுப்பலகை. வெள்ளைப் பூச்சில் பெரிய ஆங்கில எழுத்துகளில் குமரா. அதன் கீழே, குன்றைப் பார்த்தபடி ஓர் அம்புக்குறி. விலை இல்லை, கிழங்கின் படம் இல்லை. அதற்காக நான் மனதுக்குள் முருகனுக்கு நன்றி சொன்னேன். அவள் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினாள்.

"இஞ்சருங்கோ, இதை வாசியுங்கோ."

நான் மூச்சு வாங்குவதுபோல் கொஞ்சம் நடித்தேன். "குமரா எண்டு கிடக்கு."

"ஆர் எழுதினது?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

அது பொய்யில்லை. எழுதிய மனிதர் யாரென்று எனக்குத் தெரியாதுதான். அவள் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். "ஆறெழுத்து" என்றாள். பிறகு அம்புக்குறியின் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.

குன்றடியில் சைக்கிள்களையும் சாப்பாட்டுப் பையையும் வேலியோரம் விட்டுவிட்டு ஏறினோம். முழங்காலளவு புல், காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. முதல் படியில் நின்று அவள் சுற்றிப் பார்த்தாள். "இதிலை ஆக்கள் இருந்திருக்கினம்" என்று தானாகவே சொன்னாள். நான் ஊரின் கதையைச் சொன்னேன், கிழங்கை விட்டுவிட்டு. அவள் படி படியாக அந்த ஊருக்குள் நடந்தாள். இங்கே அடுப்படி இருந்திருக்கும், காற்று மறைப்பு. இங்கே பிள்ளைகள் விளையாடியிருக்கும். இந்த மூலையில் இருந்த மனிசிக்குக் கடல் தெரிந்திருக்கும், கொடுத்து வைத்தவள். இவ்வாறு அவள் ஒவ்வொருவராகக் குடிவைத்துக்கொண்டே போக, எனக்கும் அந்த ஆட்களின் குரல் கேட்பதுபோல இருந்தது. வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தது. ஊர் முழுவதும் ஒருதரம் இருண்டு ஒருதரம் வெளித்தது.

நாலாம் படியில் வட்டமாகவும் நீளமாகவும் பள்ளங்கள் கிடந்தன. "இந்தக் குழியள் என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

அது பொய்.

உச்சியில் அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தலைக்கவசத்தையும் கழற்றினாள். புல்லில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடிக் கைகூப்பினாள். நெடுநேரம் அப்படியே நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கும்பிடுகிறவளை ஏமாற்றுவது கோயில் உண்டியலில் கைவைப்பதைவிடக் கேவலம். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று நச்சரித்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து சைக்கிளில் ஏறியதும்தான், திரும்பும் பாதை பண்ணை வாசலால் போவதைக் கண்டேன். வாசலில் ஒரு மேசை, மேசையில் பை பையாகக் கிழங்கு, பக்கத்தில் காசு போடுவதற்கு ஒரு தகரம். அவள் கண்ணில் படாமல் அதைக் கடந்துவிடவேண்டும் என்று, ஒருநாளும் முன்னுக்குப் போகாத நான் அன்று முன்னுக்குப் பாய்ந்தேன்.

"நில்லுங்கோ! எங்கை ஓடுறியள்?"

திரும்பிப் பார்த்தேன். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு மேசையடியில் நின்றாள். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள், வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"நல்ல கிழங்கு. ஒடாஹுஹுக் கடையிலை இவ்வளவு பெரிசு வாறேல்லை."

"உமக்கு இது தெரியுமோ?"

"கிழமைக்கு ஒருக்காக் கடைக்குப் போறது ஆர், நீங்களே? குமரா எண்டு கொட்டை எழுத்திலை எழுதித்தான் குவிச்சு வைச்சிருக்கிறாங்கள். போன வெள்ளி ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டியளே, அந்தப் பால்கறி என்னெண்டு நினைச்சியள்?"

"உருளைக்கிழங்கு எண்டு..."

"இனிக்கிற உருளைக்கிழங்கு!"

சிரித்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. "அப்ப மேலை நிண்டு கும்பிட்டது?" என்று கேட்டேன்.

"அது உண்மையாத்தான் கும்பிட்டனான்."

"என்ன கேட்டனீர்?"

"இந்த மனிசன்ரை வாயைத் திறக்கப் பண்ணு எண்டு கேட்டனான்." சிரிப்பு நின்றுவிட்டது. "நாலு மாசமா அந்தப் படிவம் பிரிட்ஜிலை தொங்குது. அதைப் பாக்காமலே பால் எடுக்கப் பழகிட்டியள். தைப்பூசம் கழியட்டும் எண்டு நான் சொன்னது நாள் பாத்தில்லை. அதுக்குள்ளையாவது ஏதாவது சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் என்னடா எண்டால் கிழங்கைக் காட்டிக் கோயில் எண்டுறியள்."

"நான் கோயில் எண்டு சொல்லேல்லை."

"ஒண்டுமே சொல்லேல்லை. அதுதானே உங்கட வியாதி."

பண்ணைக்குள் ஒரு நாய் குரைத்தது. யாரும் வெளியே வரவில்லை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மேசையில் கிடந்த கிழங்குகளைப் பார்த்தபடி சொன்னேன்.

"எனக்கு இனிப் பெட்டி கட்ட ஏலாது. நான் இஞ்சையே இருக்கப் போறன். உம்மோடை இருக்கவேணும்."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில், கிழங்கு மேசைக்கு முன்னால். அவள் என்னைப் பார்க்காமல் காசைத் தகரத்தில் போட்டாள். பையைத் தன் சைக்கிள் கரியரில் வைத்து, இறப்பர் பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழி முழுவதும் மறுபடி அவள் முதுகுதான். பின்னல் காற்றில் ஆடியது. தோள் குலுங்குவது போலவும் இருந்தது. பாதையின் கற்களாகவும் இருக்கலாம். பின்னால் வருகிறவனுக்கு முகம் தெரியாது. கடைசி ஏற்றத்தில், அந்தக் கோடையிலேயே முதல்முறையாக, அவள் இறங்கி உருட்டினாள். நானும் இறங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

"அம்மாவுக்கு நான் என்ன சொல்லுவன்?" என்றாள்.

நான் கேட்டதை அவள் தந்துவிட்டாள். அவள் எதிலிருந்து எடுத்துத் தந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் அப்போது சனிக்கிழமை பின்னேரம். வாராவாரம் அம்மா எடுக்கும் நேரம். அவள் தலைக்கவசத்தையும் கழற்றாமல் சுவரில் தொங்கிய தொலைபேசியை எடுத்தாள். நான் கிழங்குப் பையோடு குசினி வாசலில் நின்றேன்.

"இல்லை அம்மா, நாங்கள் வரேல்லை." கொஞ்ச நேரம் மறுபக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரில்லை அம்மா. அவர் ஒண்டும் சொல்லேல்லை, அவரை ஏசாதேங்கோ. எனக்குத்தான் இஞ்சை விட்டிட்டு வர மனமில்லை." மறுபடி கேட்டாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். "ஓம் அம்மா. கோயில் இருக்கு. முருகன் கோயில்தான். மலையிலை."

பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா கேக்கிறா, பூசை எத்தினை மணிக்காம்?"

அவள் கண்கள் சிவந்திருந்தன. என் பதிலுக்காகக் காத்து நின்றாள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமுடியாது.

"ஞாயிற்றுக்கிழமை, காலமை ஏழு மணிக்கு எண்டு சொல்லும்."

அவள் அதை அப்படியே சொன்னாள். அம்மாவுக்குக் காது மந்தம், தொலைபேசியில் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்ப ஒரு கிழமையும் விடாமல் போ பிள்ளை. எனக்கும் சேத்துக் கும்பிடு."